நெல்சனின் இளமைக்காலக் கடற்பணி: நாகப்பட்டினத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகப்பட்டினத்தின் டச்சுக் கல்லறைகளையும் தரங்கம்பாடிக் கோட்டையையும் பார்க்க வரும் மாணவர்களுக்கும், அவர்களுடன் வரும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் நம் கரையின் கடல் வரலாற்றைச் சொல்லும் பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். 1782இல் நாகப்பட்டினத்துக்கு எதிரே நடந்த கடற்போரைப் பற்றிப் பேசத் தொடங்கினாலே யாராவது ஒருவர் நெல்சனின் பெயரை எடுத்துவிடுவார். அதன்பின் எழும் ஐயங்கள் ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் வரும். அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே எழுதி, விடைகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். நெல்சனின் பெரிய வெற்றிகளை இங்கே விரிக்கவில்லை. அவர் கப்பலேறிய 1771 முதல் அட்மிரல் நிலையை எட்டிய 1797 வரையிலான காலமே இதன் பொருள். அதிலும் முதல் எட்டு ஆண்டுகளுக்கே மிகுந்த இடம் கொடுத்திருக்கிறேன், ஏனெனில் அவரை உருவாக்கியவை அந்த ஆண்டுகளே என்று நம்புகிறேன்.

நெல்சன் யாருங்க? அட்மிரல்னா என்ன பதவி?

ஹொரேஷியோ நெல்சன் 1758 செப்டம்பர் 29 அன்று இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் உள்ள பர்ன்ஹாம் தார்ப் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் குரு. 11 பிள்ளைகள் பிறந்த அக்குடும்பத்தில், நெல்சனுக்கு 9 வயதானபோது தாய் இறந்துவிட்டார். பின்னாளில் நைல் (1798), கோபன்ஹேகன் (1801), டிரஃபால்கர் (1805) ஆகிய மூன்று கடற்போர்களில் வென்று, மூன்றாவதில் உயிர் துறந்தார்.

கேப்டன் என்பவர் ஒரு கப்பலுக்குத் தலைவர். அட்மிரல் என்பவர் பல கப்பல்கள் சேர்ந்த அணிக்குத் தலைவர். அந்த நிலைக்குள்ளும் ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் என்ற படிகள் உண்டு.

நெல்சன் நம்ம நாகப்பட்டினத்துல சண்டை போட்டார்னு சொல்றாங்களே, நிஜமா?

இல்லை. 1782 ஜூலை 6 அன்று நாகப்பட்டினத்துக்கு அப்பால் மோதிக்கொண்டவர்கள் ஆங்கிலேயரின் அட்மிரல் எட்வர்டு ஹியூஸும் பிரெஞ்சுக்காரர்களின் சுஃப்ரனும் ஆவர். அந்நாளில் நெல்சன் ஆல்பமார்ல் என்னும் கப்பலின் கேப்டனாக, உலகின் மறுபுறத்தில், வட அமெரிக்கக் கடற்பகுதியில் இருந்தார்.

இக்குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது கேட்டவருக்குச் செய்யும் அநீதியாகும். 1773 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குப் புறப்பட்ட சிறிய கடற்படை அணிக்கும் இதே ஹியூஸ்தான் தலைவர். அந்த அணியைச் சேர்ந்த சீஹார்ஸ் என்னும் கப்பலில் 15 வயது நெல்சன் பணியாற்றினார். ஆகவே, நாகப்பட்டினப் போரை நடத்திய தலைவரின் கீழ் எட்டு ஆண்டுகளுக்கு முன்னர் சிறுவனாக வேலை பார்த்தவர் என்று சொன்னால் அது உண்மை. நெல்சன் இந்தியாவில் இருந்த ஆண்டுகளில் நாகப்பட்டினம் ஆங்கிலேயருடையதே அன்று; 1658 முதல் டச்சுக்காரர் வசம் இருந்த ஊரை ஹியூஸும் தரைப்படைத் தளபதி மன்ரோவும் 1781 நவம்பரில்தான் கைப்பற்றினார்கள்.

பன்னிரண்டு வயசுப் பிள்ளையை எப்படிங்க போர்க்கப்பல்ல சேர்த்தாங்க?

அக்காலத்தில் அது வழக்கத்துக்கு மாறானது அன்று. அதிகாரியாக விரும்பும் பையன் 12, 13 வயதில் ஏதாவது ஒரு கேப்டனின் பொறுப்பில் கப்பலேறி, மாலுமிகளோடு கயிறு இழுத்து, பாய்மரம் ஏறி, கணக்கும் வானநோக்கும் கற்று, ஆறு ஆண்டுகள் கடலில் கழித்த பின்பே தேர்வுக்குப் போக முடியும். மிட்ஷிப்மன் என்பது அந்தப் பயிற்சிக்காலப் பெயர். அக்கரைப்பேட்டையிலும் கீச்சாங்குப்பத்திலும் தகப்பனோடு படகேறித் தொழில் பழகியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. அலையில் கால் ஊன்றி நிற்பதை வளர்ந்த பிறகு கற்பது கடினம் என்று அவர்களே எனக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

நெல்சனின் பெயர் 1771 ஜனவரி 1 அன்று ரேசனபிள் என்னும் 64 பீரங்கிக் கப்பலின் பதிவேட்டில் ஏறியது; அவர் நேரில் போய்ச் சேர்ந்தது சில வாரங்களுக்குப் பின்னர்தான்.

தாய்மாமன் கேப்டனா இருந்ததாலதானே இவ்வளவும் கிடைச்சுது?

இக்கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஒரு மனக்குறையோடு கேட்கிறார்கள். அந்தக் குறை நியாயமானதே. ரேசனபிள் கப்பலின் கேப்டன் மாரிஸ் சக்லிங், நெல்சனின் தாயுடன் பிறந்தவர். அவர் இல்லாமல் ஏழைக் குருவின் நோஞ்சான் மகனுக்கு அக்கப்பலில் இடம் கிடைத்திருக்காது. இத்தனை பலவீனமான பிள்ளை கடலில் அல்லல்பட என்ன பாவம் செய்தான் என்று அவரே கடிதத்தில் கேட்டதாகவும், வரட்டும், முதல் போரிலேயே பீரங்கிக் குண்டு தலையைக் கொண்டுபோனால் அவன் பிழைப்புக்கு வழி பிறந்துவிடும் என்று எழுதியதாகவும் சொல்வதுண்டு.

ஆனால் அந்தத் தாய்மாமன் மருமகனை மடியில் வைத்து வளர்க்கவில்லை. ஸ்பெயினுடன் வரவிருந்த போர் நின்றுபோனது. தேம்ஸ் ஆற்றுப் பகுதியில் நங்கூரமிட்டு நிற்கும் டிரையம்ஃப் என்னும் காவல் கப்பலுக்குச் சக்லிங் மாற்றப்பட்டார். நின்றுகிடக்கும் கப்பலில் பையன் எதையும் கற்க மாட்டான் என்று உணர்ந்து, மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும் ஒரு வணிகக் கப்பலில் அவரை அனுப்பினார். ஏறத்தாழ ஓராண்டு கழித்து 1772இல் திரும்பிய நெல்சன் தேர்ந்த மாலுமியாக வந்தார். கடற்படை அதிகாரிகள் மீதே வெறுப்புக் கொண்டவராகவும் வந்தார். பதவி பின்தளத்தில் இருக்கிறது, நல்ல மனிதன் முன்தளத்தில் இருக்கிறான் என்ற மாலுமிகளின் சொல்லை அங்கேதான் கற்றதாக 1799இல் எழுதிய தன்வரலாற்றுக் குறிப்பில் சொல்கிறார். முன்தளம் என்பது சாதாரண மாலுமிகள் தங்கும் இடம். தம் கீழ் வேலை பார்த்தவர்களின் அன்பைப் பின்னாளில் அவர் பெற்றதற்கு இந்த ஓராண்டு ஒரு காரணம் என்பது என் கருத்து.

அந்த வெறுப்பைப் போக்கச் சக்லிங் கையாண்ட வழி இன்னும் நல்லது. கடல்வழிக் கணிதத்தை ஒழுங்காகப் படித்தால் படகு ஒன்றை ஓட்ட விடுவதாகச் சொன்னார். அந்தப் படகில் என்ன கற்றார் என்பதைக் கடைசிக் கேள்வியில் பார்க்கலாம்.

பனிக்கரடியோட சண்டை போட்ட கதை உண்மையா?

1773இல் வடதுருவத்தை நோக்கிச் சென்ற ஃபிப்ஸ் என்பவரின் ஆய்வுப் பயணத்தில் 14 வயது நெல்சன் கார்கஸ் என்னும் கப்பலில் இருந்தது உறுதி. 80 பாகைக்கும் வடக்கே கப்பல்கள் பனியில் சிக்கிக்கொண்டதும் உறுதி. கரடிக் கதையை, அக்கப்பலின் கேப்டன் லட்விட்ஜ் நெல்சன் புகழடைந்த பிற்காலத்தில் சொன்னார். துப்பாக்கி வெடிக்காமல் போனதும் அதன் கட்டையால் கரடியை அடிக்க முயன்றார் என்றும், கப்பலிலிருந்து பீரங்கி வெடித்த ஒலியில் கரடி ஓடிற்று என்றும், தந்தைக்குத் தோல் கொண்டுபோக ஆசைப்பட்டேன் என்று கேப்டனிடம் விடை சொன்னார் என்றும் கதை போகிறது. ஓவியர்கள் அதைப் பெரிதாக்கிவிட்டார்கள்.

நெல்சன் தம் குறிப்பில் கரடியைச் சொல்லவில்லை. கப்பல்களைக் கைவிட்டுப் படகுகளில் தப்ப வேண்டும் என்ற நிலை வந்தபோது, தமக்கு ஒரு படகின் தலைமை வேண்டும் என்று முயன்று, நான்கு துடுப்புப் படகையும் 12 ஆட்களையும் பெற்றதைத்தான் பெருமையோடு எழுதுகிறார். 14 வயதுப் பிள்ளையிடம் 12 பேரின் உயிரை ஒப்படைத்தார்கள் என்பது கரடியைவிடப் பெரிய செய்தி.

மெட்ராசுக்கு வந்தப்போ இங்க என்ன பண்ணினார்? நம்ம தஞ்சாவூர் அப்போ எப்படி இருந்துச்சு?

சீஹார்ஸ் கப்பல் 1774 மே 25 அன்று மதராசை அடைந்தது. அங்கே அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கரைக்கு அப்பால் ஆழத்தில் நங்கூரமிட, ஆணி இல்லாமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய மசூலாப் படகுகளில் நம் கடலோரத்து ஆட்கள்தாம் மனிதரையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தார்கள். வங்கம் முதல் பாரசீக வளைகுடாவின் பாஸ்ரா வரை சென்றதாக நெல்சன் எழுதியிருக்கிறார். பணி பெரும்பாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் வணிகக் கப்பல்களுக்குக் காவல் போவதும் காற்றோடு ஊர் மாறுவதுமாகவே இருந்தது. ஐப்பசியில் வாடைக்காற்று தொடங்கினால் சோழமண்டலக் கரையில் பெரிய கப்பல்கள் ஒதுங்க இடமில்லை. எனவே ஆங்கிலேயக் கடற்படை மேற்குக் கரையில் பம்பாய்க்குப் போய்விடுவது வழக்கம். கார்த்திகைப் புயலைக் கண்டவர்களுக்கு இதன் காரணம் புரியும்.

தஞ்சாவூரைப் பொறுத்தவரை, அது நம் வரலாற்றின் கசப்பான காலம். 1773 செப்டம்பரில் ஆற்காட்டு நவாபுக்காகக் கம்பெனிப் படை தஞ்சையைப் பிடித்து, மராத்திய மன்னர் துளஜாவைச் சிறைவைத்தது. 1776 ஏப்ரலில்தான் ஆளுநர் பிகட் அவரை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். நெல்சன் இந்தியாவை விட்டுப் புறப்பட்டது அதற்கு முந்தைய மாதத்தில். அதாவது, அவர் நம் கடலில் இருந்த காலம் முழுவதும் தஞ்சைக்குத் தன் மன்னர் இல்லை.

ஐதர் அலியோட கப்பலைச் சுட்டது நெல்சன்தானே?

சுட்ட கப்பலில் இருந்தார் என்பதே சரி. 1775 பிப்ரவரி 19 அன்று மலபார்க் கரைக்கு அப்பால் சீஹார்ஸ், ஐதர் அலியின் கொடி பறந்த இரண்டு மரக்கலங்களைத் துரத்திச் சுட்டது, ஒன்று பணிந்தது. நெல்சன் கண்ட முதல் துப்பாக்கிச் சூடு அதுவே. அது போர் என்று சொல்லத்தக்கதன்று.

இக்கேள்வி நம் பகுதியில் மட்டும் அழுத்தமாக வருவதற்குக் காரணம் ஐதர் கலாபம். 1781இல் ஐதரின் படைகள் காவிரிப் படுகையில் புகுந்து பயிரையும் ஊர்களையும் அழித்ததை இன்னும் பேசுகிறார்கள். அது நெல்சன் சென்று ஐந்து ஆண்டுகளுக்குப் பின் நடந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை.

இந்தியாவுல அவருக்கு காய்ச்சல் வந்து சாகக் கிடந்தாராமே?

ஆம். மலேரியா என்று இன்று கருதப்படும் காய்ச்சல் 1775இன் இறுதியில் அவரைப் பிடித்தது. உடல் தேறாததால் 1776 மார்ச்சில் டால்ஃபின் என்னும் கப்பலில் ஏற்றி நாட்டுக்கு அனுப்பினார்கள். ஏறத்தாழ ஆறு மாதப் பயணம். அக்கப்பலின் கேப்டன் ஜேம்ஸ் பிகட் காட்டிய பரிவுதான் தம் உயிரைக் காத்தது என்று நெல்சன் பிற்பாடு நன்றியோடு எழுதினார். இவரும் மேலே சொன்ன ஆளுநர் பிகட்டும் வெவ்வேறு ஆட்கள்.

அப்பயணத்தில்தான் அவர் மனம் முற்றிலும் சோர்ந்தது. உடல் போயிற்று, இனி இத்தொழிலில் உயர வழியில்லை என்று எண்ணிக் கடலில் குதித்துவிடலாமா என்றுகூட நினைத்த வேளையில், உள்ளே ஓர் ஒளி தோன்றியதாகவும், கடவுளை நம்பி எந்த ஆபத்தையும் எதிர்கொள்வேன் என்று உறுதி பிறந்ததாகவும் பல ஆண்டுகளுக்குப் பின் சக அதிகாரிகளிடம் சொன்னார். 17 வயதில், எலும்பும் தோலுமாக, வீட்டை விட்டு ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் கிடந்த பிள்ளைக்கு அப்படி ஒரு பிடிமானம் கிடைத்ததை நான் மதிக்கிறேன். அக்காய்ச்சல் வாழ்நாள் முழுவதும் அவ்வப்போது திரும்பி வந்தது.

லெப்டினன்ட் தேர்வுல வயசை மாத்திச் சொன்னார்னு படிச்சேன். அது மோசடி இல்லையா?

லெப்டினன்ட் என்பது கேப்டனுக்குக் கீழ் உள்ள அதிகாரி பதவி. அதற்கு விதிப்படி 20 வயதும் ஆறு ஆண்டுக் கடற்பணியும் வேண்டும். 1777 ஏப்ரல் 9 அன்று தேர்வுக்கு வந்தபோது நெல்சனுக்குப் பதினெட்டரை வயது; சான்றிதழில் 20க்கு மேல் என்று எழுதப்பட்டது. பணிக்காலம் உண்மை, வயது பொய். அக்காலத்தில் பலரும் இப்படிச் செய்தார்கள் என்பதால் அது சரியாகிவிடாது.

இன்னும் சிக்கல் என்னவென்றால், தேர்வுக் குழுவின் தலைவரே சக்லிங்தான். அவர் 1775 முதல் கடற்படை நிர்வாகத்தின் மிக உயர்ந்த பதவிகளுள் ஒன்றில் இருந்தார். உறவைச் சொல்லாமல் மற்ற இரு கேப்டன்களும் மதிப்பிட்டு முடித்த பிறகே, இவன் என் மருமகன், சலுகை காட்டப்படக் கூடாது என்பதால்தான் முன்பே சொல்லவில்லை என அவர் கூறியதாக நெல்சனின் அண்ணன் எழுதியிருக்கிறார். மறுநாளே லோஸ்டாஃப் கப்பலில் லெப்டினன்ட் பதவி கிடைத்தது. அந்த வேகத்தில் தாய்மாமனின் கை தெரிகிறது. தாம் முதுகலைப் பட்டம் பெற்றுவிட்டதாக நெல்சன் அந்த அண்ணனுக்குக் கடிதம் எழுதினார்.

இருபது வயசுல கேப்டன் ஆனவர் அட்மிரல் ஆக ஏன் பதினெட்டு வருஷம் ஆச்சு?

இது நல்ல கேள்வி. அன்றைய பதவி உயர்வு முறை முழுவதும் இதற்குள் இருக்கிறது. லெப்டினன்ட் முதல் கேப்டன் வரை ஏறுவதற்குத் திறமையும், மேலிடத்து ஆதரவும், காலியிடமும் வேண்டும். நெல்சனுக்கு மூன்றும் அமைந்தன. லோஸ்டாஃப் கப்பலின் கேப்டன் வில்லியம் லாக்கர் அவருக்குக் குருவாக வாய்த்தார். எதிரியை நெருங்கி நின்று போரிட்டால் வெல்லலாம் என்று கற்பித்தவர் அவரே. நைல் வெற்றிக்குப் பின்னும் தாம் அவருடைய மாணவன் என்று நெல்சன் எழுதினார். அக்கப்பலில் ஒருமுறை, கடும் புயற்காற்றில், பிடிபட்ட அமெரிக்கக் கப்பலுக்குப் படகில் போக முதல் லெப்டினன்ட் தயங்கினார். முந்திக்கொண்டு ஓடிய இன்னோர் அதிகாரியைத் தடுத்து, இது என் முறை, நான் திரும்பி வந்துவிட்டால் அடுத்தது உங்கள் முறை என்று சொல்லி நெல்சன் இறங்கினார். ஜமைக்காவின் கடற்படைத் தலைவர் பீட்டர் பார்க்கர் அவரைத் தம் கப்பலுக்கு எடுத்துக்கொண்டு, 1778 டிசம்பரில் பேட்ஜர் என்னும் சிறு கப்பலையும், 1779 ஜூன் 11 அன்று ஹின்சின்புரூக் கப்பலின் கேப்டன் பதவியையும் கொடுத்தார். இவ்விரண்டும் வந்தபோது தாய்மாமன் உயிரோடு இல்லை. 1778 ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

கேப்டன் பட்டியலில் பெயர் ஏறிய பிறகு திறமைக்கும் ஆதரவுக்கும் அங்கே வேலையில்லை. மேலே இருப்பவர்கள் இறக்கவோ உயரவோ, வரிசை ஒவ்வொன்றாக நகரும். உயிரோடு இருந்தால் ஒருநாள் ரியர் அட்மிரல் ஆகலாம். முந்திச் சென்றவரைத் தாண்ட முடியாது. நெல்சனைவிட 10 ஆண்டு மூத்த நண்பரான கோலிங்வுட், நெல்சன் விட்டுச் சென்ற பதவிகளில் ஒன்றன்பின் ஒன்றாக அமர்ந்து 1780இல் கேப்டன் ஆனார். அந்த ஓராண்டு வேறுபாட்டால் டிரஃபால்கர் வரை நண்பருக்கு இரண்டாம் இடத்திலேயே இருந்தார், அதைக் குறையாகக் கருதவுமில்லை. நெல்சனின் முறை 1797 பிப்ரவரியில், அவரது 38ஆம் வயதில் வந்தது. அதே மாதம் நடந்த செயின்ட் வின்சென்ட் முனைக் கடற்போரில் காட்டிய துணிவுக்குப் பரிசாக அட்மிரல் ஆக்கப்பட்டார் என்று பலர் நினைக்கிறார்கள். அது வரிசைப்படி வந்தது.

நடுவுல அஞ்சு வருஷம் வேலையே இல்லாம இருந்தாராமே?

1787 இறுதி முதல் 1793 ஜனவரி வரை. போர் இல்லாத காலத்தில் கப்பல்கள் குறைக்கப்பட்டு, அதிகாரிகள் அரைச் சம்பளத்தில் வீட்டில் இருத்தப்பட்டார்கள். அதற்கு முன் மேற்கிந்தியத் தீவுகளில் போரியஸ் கப்பலின் கேப்டனாக இருந்தபோது, சட்டத்துக்கு மாறாக வணிகம் செய்த அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்ததால், தீவு வணிகர்கள் அவர்மீது வழக்குத் தொடுத்தார்கள். மேலிடத்திலும் பகை வளர்ந்தது. மனைவி ஃபிரான்சிஸை 1787 மார்ச்சில் நெவிஸ் தீவில் மணந்து, தந்தையின் ஊருக்கு அழைத்து வந்து, கப்பல் கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டே இருந்தார். பிரான்சுடன் போர் நெருங்கிய பின்னரே அகமெம்னான் என்னும் 64 பீரங்கிக் கப்பல் கிடைத்தது.

படகுல போனா வாந்தி எடுப்பாராமே, அப்புறம் எப்படி அட்மிரல்?

உண்மைதான். கடற்குமட்டல் அவரை இறுதிவரை விடவில்லை. காற்று பலமாக அடிக்கும்போதெல்லாம் உடம்பு கெடுவதாக 1804இல்கூட எழுதியிருக்கிறார். முதல் நாள் குமட்டல் கண்டு கடல் தொழில் தனக்கு ஆகாது என்று முடிவுகட்டும் பிள்ளைகளுக்கு இதைத் தவறாமல் சொல்கிறேன்.

அவர் முழு அட்மிரல் ஆனாரா?

ஆகவில்லை. 1801 ஜனவரியில் வைஸ் அட்மிரல் ஆனார், அந்நிலையிலேயே இறந்தார். அக்காலத்தில் ஒவ்வொரு படிக்குள்ளும் நீலம், வெள்ளை, சிவப்பு என்ற மூன்று உட்பிரிவுகள் இருந்தன. மறைந்தபோது வெள்ளைப் பிரிவில் இருந்தார்.

இப்போ நம்ம பிள்ளைங்க இந்தியக் கடற்படையில அட்மிரல் ஆகணும்னா இதே மாதிரிதானா?

தாய்மாமன் தேவையில்லை என்பதே முதல் வேறுபாடு. மேல்நிலைப் பள்ளி முடித்தவர்கள் மத்தியத் தேர்வாணையத்தின் தேர்வெழுதி கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாதமியிலும், கேரளத்தின் எழிமலையில் உள்ள கடற்படை அகாதமியிலும் பயிற்சி பெறுகிறார்கள். நம் கடற்படைக்கு 1958 ஏப்ரலில் தலைமையேற்ற முதல் இந்தியரான ராம்தாஸ் கட்டாரி செங்கல்பட்டில் பிறந்தவர். அவரும் 1927இல் டஃபரின் பயிற்சிக் கப்பலின் முதல் அணியில் சேர்ந்து, பதின்ம வயதில் தொடங்கியவரே.

சின்ன வயசுல கத்துக்கிட்டதுல எதுதான் அவரை உண்மையில ஜெயிக்க வெச்சது?

தாய்மாமன் பரிசாகக் கொடுத்த அந்தப் படகு என்பேன். அதில் சாத்தம் முதல் லண்டன் கோபுரம் வரையும், தேம்ஸ் முகத்துவாரத்தின் மணல் திட்டுகளுக்கு இடையிலும், நார்த் ஃபோர்லேண்ட் முனை வரையும் 13, 14 வயதில் சுற்றினார். பாறைக்கும் மணலுக்கும் நடுவே கப்பல் ஓட்டும் தன்னம்பிக்கை அங்கேதான் வந்தது என்றும், பிற்காலத்தில் அது தமக்குப் பலமுறை ஆறுதலளித்தது என்றும் அவரே எழுதுகிறார். கடுவையாற்று முகத்துவாரத்தில் ஒவ்வொரு பருவத்துக்கும் இடம் மாறும் மணல் திட்டைத் தவிர்த்துப் படகை உள்ளே கொண்டுவரும் சுக்கானியிடம் இருப்பதும் இதே அறிவு. வரைபடம் பார்த்து மட்டும் அது வராது.

அவருடைய மூன்று பெரும் போர்களில் இரண்டு ஆழமற்ற நீரில் நடந்தவை. நைல் போரில் பிரெஞ்சுக் கப்பல்கள் திட்டை ஒட்டி நங்கூரமிட்டு, கரைப்பக்கத்திலிருந்து யாரும் வர முடியாது என்று நம்பியிருந்தன. பகைவரின் கப்பல் நங்கூரத்தில் சுழல இடமிருந்தால் நம் கப்பல் நுழையவும் இடமிருக்கும் என்ற கணிப்பில் ஆங்கிலேயக் கப்பல்கள் அந்த இடைவெளியில் புகுந்தன. இருட்டும் வேளையில் திட்டில் ஏறிச் சிக்கியது கல்லோடன் ஒன்றுதான். அதன் கேப்டன் தாமஸ் டிரப்ரிட்ஜ் சீஹார்ஸில் நெல்சனுடன் சிறுவனாக இந்தியாவுக்கு வந்தவர். போரிட முடியாமற்போன அவருக்கும் மற்றவர்களைப் போலவே பதக்கம் வேண்டும் என்று நெல்சன் வாதாடினார்.

கோபன்ஹேகனில் டேனியர்கள் வழிகாட்டும் மிதவைகளை அகற்றிவிட்டார்கள். கூட்டிச் சென்ற வழிகாட்டிகள் ஆழத்தைப் பற்றி ஒருவருக்கொருவர் முரண்பட்டார்கள். அவர்களை நம்பி நாட்டின் மானத்தை ஒப்படைக்க நேர்ந்ததை நெல்சன் பின்னர் வேதனையோடு குறிப்பிட்டார். போருக்கு முந்தைய இரவுகளில் படகுகளை அனுப்பி ஆழம் பார்க்கச் செய்தார். ஈயக் குண்டு கட்டிய கயிறு விழும் ஓசை எதிரிக்குக் கேட்கும் என்பதால், கேப்டன் ஹார்டி நீண்ட கழி ஒன்றை நீரில் ஊன்றி, டேனியக் கப்பலைச் சுற்றி எத்தனை பாகம் இருக்கிறது என்று அளந்து வந்தார். அத்தனை முன்னேற்பாட்டுக்குப் பிறகும் ஏப்ரல் 2 காலையில் மூன்று கப்பல்கள் தரைதட்டின. ஐந்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் அவருக்குக் கிடைத்ததாக மேலே சொன்ன அகமெம்னான் அவற்றுள் ஒன்று.